பேட்ச் வந்த பிறகு 64 நாள்

சர்வரில் ஓடும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்ததும், அதை எழுதிய நிறுவனம் அடைப்பதற்கான திருத்தத்தை வெளியிடுகிறது. அதுதான் பேட்ச். அது வெளிவரும் நாள் ஒன்று, ஒவ்வொரு சர்வரிலும் ஏறும் நாள் வேறு. அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ‘மேனேஜ்எஞ்சின் ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்’ மென்பொருளில் 2021இல் வெளிப்பட்ட ஓட்டை காட்டியது.

மறந்துபோன பாஸ்வேர்டை ஊழியர்கள் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள் அது. ஒரு நிறுவனத்தின் சாவிக்கொத்தே அதனிடம் இருக்கிறது என்று சொல்லலாம். ஓட்டைக்கு சிவிஇ-2021-40539 என்று எண்; தீவிரம் 10க்கு 9.8. வரும் கோரிக்கையின் முகவரியைப் பார்த்து, லாகின் செய்தவர்தானா என்று சோதிக்கும் வடிகட்டி அதில் உண்டு. முகவரியின் நடுவே ஒரு புள்ளியையும் சாய்கோட்டையும் கூடுதலாகச் செருகினால் வடிகட்டிக்கு அந்த முகவரி பிடிபடவில்லை. பின்னால் இருந்த பகுதியோ அதைப் பழைய முகவரியாகவே ஏற்றுக்கொண்டது. பாஸ்வேர்டே இல்லாமல் கோப்புகளை ஏற்றவும் கட்டளைகளை ஓட்டவும் வழி பிறந்தது.

தாக்குதல்கள் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டன. செப்டம்பர் 6 அன்று 6114 என்ற பதிப்பில் பேட்ச் வந்தது. பத்து நாள் கழித்து எஃப்பிஐ உள்ளிட்ட அமெரிக்க அமைப்புகள் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன.

நவம்பர் 9 அன்று, பேட்ச் வந்து 64 நாள் ஆன நிலையில், பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களுக்குள் இதே ஓட்டை வழியாகத் தாக்குநர்கள் நுழைந்தார்கள். போர், பேரிடர், இடப்பெயர்வு ஆகியவற்றால் காணாமல் போனவர்களைத் தேடிக் குடும்பத்தோடு சேர்க்கும் திட்டத்தின் பதிவுகள் அங்கே இருந்தன. 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் தவிப்பை மீனவக் கிராமத்தாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடுகள் நம்பிக் கொடுத்த பெயர்கள் அவை. ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது 2022 ஜனவரி 18 அன்று, 70 நாள் கழித்து.

பேட்சை உரிய காலத்தில் போடவில்லை என்று அந்த அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது; ஆண்டுக்குப் பல்லாயிரம் பேட்ச்கள் போடுவதாகவும் கூறியது. இது சாக்கு அல்ல. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், பேக்அப் எடுக்க வேண்டும், சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். ஆனால் எல்லாப் பேட்சும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. இணையத்தை நேராகப் பார்த்து நிற்பதும், லாகினைக் காப்பதும், ஏற்கெனவே தாக்கப்படுவதுமான மென்பொருளுக்கு அன்றைக்கே போட வேண்டும். முடியாவிட்டால் பேட்ச் போடும்வரை அதை இணையத்திலிருந்து துண்டித்துவைக்க வேண்டும்.

பேட்ச் போட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பலர் தவறுவது இங்கேதான். இந்தத் தாக்குதல்களில் தொலைவிலிருந்தே கட்டளையிட வழி தரும் ‘வெப் ஷெல்’ நிரல், சான்றிதழ்க் கோப்பு போல வேடமிட்டு, சர்வரில் வைக்கப்பட்டது. பேட்ச் வாசலை மூடும். முன்பே உள்ளே புகுந்தவரை வெளியேற்றாது. எனவே லாக் பதிவுகளில் அந்தப் புள்ளியும் சாய்கோடும் கொண்ட முகவரி வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். வந்திருந்தால் இயந்திரத்தைத் துண்டித்து, அழித்து, மென்பொருளைப் புதிதாக நிறுவி, பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

தேடுவதற்கு லாக் இருந்தாக வேண்டும். இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவும் சொல்கிறது. ஒரு மாத லாகை மட்டும் வைத்திருக்கும் சர்வரில், 70 நாள் முன் நுழைந்தவரின் முதல் தடம் அழிந்திருக்கும்.