ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நீங்கள்தான் டிரஸர்



வேலைக்காட்டில் ஒரு ஆள் விழுந்துவிட்டார் என்று குரல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடுகிறோம். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். ஒருவர் தலையைத் தூக்கி மடியில் வைக்கிறார். இன்னொருவர் காலைத் தேய்க்கிறார். மண்டோர் லோரியைக் கூப்பிடுகிறார். எல்லாம் நல்ல மனசோடு செய்கிற காரியம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கிற ஒரு பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "கண்ணை மூடிக்கிட்டு ஓடினது முதல் தப்பு, தண்ணி கொடுத்தது ரெண்டாவது தப்பு" என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவான்.

அந்தப் பிள்ளைகளுக்கு மருந்தையும் ஊசியையும் காட்டுவதற்கு முன்னால் ஒரு வரிசையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில் இடத்தைப் பார். பிறகு ஆளைப் பார். கொட்டுகிற ரத்தத்தை நிறுத்து, மூச்சைக் கவனி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசைக்குப் பெட்டி நிறைய சாமான் வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டாம். இருதயம் நின்று நாலைந்து நிமிஷம் ஆனாலே மூளை கெடத் தொடங்குகிறது. எந்த ஆம்புலன்ஸும் நாலு நிமிஷத்தில் செம்மண் ரோட்டைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் வந்துவிட முடியாது. அதனால் பட்டணத்துக்காரர்களைவிட நமக்குத்தான் இந்த வரிசை அதிகம் தேவை.

ஆம்புலன்ஸ் என்றால் ஆளைப் படுக்க வைத்து ஓட்டுகிற வண்டி என்றுதான் ஒரு காலத்தில் பெரிய நாடுகளிலும் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1966-இல் வெளியான ஒரு அறிக்கை, அந்த நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியைப் பிரேத அடக்கத் தொழில் செய்பவர்களே நடத்துகிறார்கள் என்று எடுத்துச் சொன்னது. ஆளைப் படுக்க வைக்கத் தோதான நீள வண்டி அவர்களிடம்தானே இருந்தது! அதற்குப் பிறகுதான் வண்டியில் வருகிறவனுக்கும் வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும் என்று முறையான பயிற்சி வளர்ந்தது. நம்முடைய லோரி ஓட்டத்தையும் அந்தக் கணக்கில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இடத்தைப் பாருங்கள்

செம்பனைக் குலை அறுக்கிறவர் கையில் இருப்பது அலுமினியக் கம்பு. மரம் உயர உயரக் கம்பும் நீளும். லெட்ரிக் லைன் போகிற ஓரத்து நிரையில் அது கம்பியில் பட்டால் பிடித்திருக்கிறவர் அந்த இடத்திலேயே விழுவார். பார்த்தவர் ஓடிப்போய்த் தூக்குவார். அவரும் விழுவார். காய்ந்த கட்டையால் தள்ளிவிடலாம் என்று நாம் கேள்விப்பட்டது வீட்டுக் கரண்டுக்குத்தான். மேலே போகிற பெரிய லைனுக்கு அது செல்லாது. அந்தக் கரண்டு தொடாமலேயே பாயும், நிலத்திலும் பரவும். தூரத்தில் நின்று மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். 999-க்கும், தெனாகாவின் 15454-க்கும் அழையுங்கள். லைனை அடைத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கிட்டே போகலாம். நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் ஒரு வீட்டில் விழுகிற இடியை ரெண்டு வீட்டில் விழ வைக்கக் கூடாது.

ஆலையில் தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான். உள்ளே நல்ல காற்று இல்லாமல் ஒருவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். மூச்சுக் கருவி உள்ள பொம்பா ஆட்கள் வரும்வரை மேலேயே நில்லுங்கள்.

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்புகிற தொழிலாளி, முதலாளி அதைச் சரி செய்யாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. லைனுக்கு அடியில் அறுக்கச் சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொண்டு பேசுங்க.

ஆளைப் பாருங்கள்

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? ஒருவரை, பேரைச் சொல்லி, 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். "யாராச்சும் போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு பத்து விநாடிக்கு மேல் போகாமல் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இருதயம் நின்ற பிறகும் சிலருக்கு வாயைத் திறந்து திறந்து, குறட்டை மாதிரி, மீன் தரையில் துடிக்கிற மாதிரி ஒரு இழுப்பு வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சொல்லி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அது மூச்சே இல்லை. ஆள் அசையவில்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் இருதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு நெஞ்சை அமுக்கத் தொடங்குங்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வையுங்கள். முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அமுக்குங்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், 6-க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே எழும்ப விடுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ரெண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவர் மாற்றிக் கொள்ள வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் 30 அமுக்கலுக்கு 2 தரம் வாயில் ஊதுவார்கள். தெரியாதவர்கள் ஊதவே வேண்டாம், அமுக்கினால் போதும். தண்ணீரில் மூழ்கின பிள்ளைக்கு மட்டும் ஊதுவது மிக முக்கியம். அதனால்தான் பயிற்சிக்குப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்த வேண்டாம். எலும்பு ஆறிவிடும். விழுந்தவர் பெண்பிள்ளை என்று கை கூச வேண்டாம். சுற்றி நிற்கிறவர்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

மூச்சு ஒழுங்காக இருந்து நினைவு மட்டும் இல்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே போய்விடும். வாயில் தண்ணீர், காப்பி, மைலோ எதுவும் ஊற்றக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது மூச்சுக் குழாய்க்குத்தான் போகும்.

ரத்தம்

நீளக் கத்தி நழுவி விழுந்து கையையோ தொடையையோ அறுத்துவிட்டால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். பெரிய ஆள் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒன்றரை, ரெண்டு லிட்டர் போனாலே உயிருக்கு மோசம். இப்படிப்பட்ட வெட்டுக்குத்தான் முதல் கவனம்.

சுத்தமான துணியை வைத்து, கையால், முழுப் பலத்தோடு அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தமும் பிய்ந்துகொண்டு வரும். காப்பித்தூள், புகையிலை, மஞ்சள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். நம் பாட்டிமார் கைவைத்தியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? வெட்டுக்காயத்தில் காப்பித்தூளைக் கொட்டினால் ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கவே பாதிப் பொழுது போய்விடும்.

எவ்வளவு அழுத்தியும் கை கால் காயத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் மட்டும், காயத்துக்கு நாலு விரல் மேலே அகலமான துணியைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகித் திருகி, ரத்தம் நிற்கும் வரை இறுக்குங்கள். மூட்டின் மேல் கட்ட வேண்டாம். கயிறும் மெல்லிய கம்பியும் கூடாது. கட்டின நேரத்தை எழுதி வையுங்கள். டாக்டர்தான் அவிழ்க்க வேண்டும். முகம் வெளுத்து, வேர்த்துச் சில்லிட்டு, "தண்ணி தண்ணி" என்று கேட்பார். மனசு கேட்காதுதான். உதட்டை நனைத்துவிடுங்கள், குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

குலை விழுந்து கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைக் கையைக் காலைப் பிடித்து லோரியில் எறியாதீர்கள். ஒரு குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். ஆபத்தில்லாத இடம் என்றால் கிடக்கிற இடத்திலேயே விட்டுத் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பேர், ஒரு பலகை. தலையைப் பிடித்திருக்கிறவர் சொல்லுக்குத்தான் மற்றவர்கள் தூக்க வேண்டும்.

பாம்பும் மருந்தும்

செம்பனைக் காட்டில் எலி உண்டு, எலி இருக்கிற இடத்தில் நாகம் உண்டு. கெடா, பெர்லிஸ் பக்கத்தில் மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்று சொல்கிற விரியனும் உண்டு. மிதித்தாலொழிய அசையாமல் கிடக்கும், அதனால்தான் போடோ என்று பேர். கடித்தால் போடோ இல்லை.

இங்கே நம் பழைய வழக்கங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியிருக்கிறது. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. ரத்தக் காயத்துக்குச் சொன்ன கட்டு பாம்புக்கடிக்குச் செல்லாது என்பதை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதினால் டாக்டருக்குப் பெரிய உதவி. பாம்பைத் துரத்தப் போய் இரண்டாவது கடி வாங்க வேண்டாம். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். விஷமுறி ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. மந்திரிப்பதானால் ஊசி போட்ட பிறகு தாராளமாக மந்திரிக்கலாம். நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பினால் ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷமாவது கழுவிவிட்டுப் பிறகு புறப்படுங்கள்.

பாராகுவாட் மருந்துக்கு இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் மற்ற களைக்கொல்லிகளும் பூச்சி மருந்துகளும் ஸ்டோரில் இருக்கத்தான் செய்கின்றன. பழைய டப்பா எந்த வீட்டு மூலையில் கிடக்கிறதோ! மேலே கொட்டினால் துணியைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உப்புத் தண்ணியும் வேண்டாம். டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாராகுவாட் குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். நுரையீரல் கெடுவது பிறகுதான் தெரியும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தெரிந்து குடித்தாரா, தெரியாமல் குடித்தாரா என்கிற விசாரணையெல்லாம் அப்புறம்.

ஒரு முக்கியமான விஷயம். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவர் சாப்பிடாமல் வேலைக்கு வந்து, பத்து மணி வாக்கில் தள்ளாடி உளறினால், "காலையிலேயே தண்ணி போட்டுட்டான்" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ரத்தத்தில் சீனி இறங்கினாலும் அப்படித்தான் இருக்கும். நினைவோடு விழுங்க முடிந்தால் சீனித் தண்ணி கொடுங்கள்; நினைவு தப்பிவிட்டால் 999. முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும்.

ஆம்புலன்ஸ் எங்கே வரும்?

999-இல் முதலில் இடத்தைத்தான் கேட்பார்கள். நம் தோட்டங்களுக்கு நாமே தமிழில் ஒரு பேர் வைத்திருக்கிறோம்: பழைய துரையின் பேர், மரத்தின் பேர், ஆற்றின் பேர். போர்டில் ஒரு பேர், கம்பெனி கைமாறினால் இன்னொரு பேர். டிரைவருக்கு எது தெரியும்? போர்டில் உள்ள பேர், டிவிஷன், காட்டு நம்பர், பெரிய ரோட்டிலிருந்து திரும்புகிற முச்சந்தி, இந்த நாலையும் ஒரு அட்டையில் மலாயில் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்டி வையுங்கள். இப்போது பக்கத்து நிரையில் நிற்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருப்பார். அவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும். எந்த மேட்டில் போன் லைன் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். அழைத்தவுடன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முச்சந்திக்குப் போய் நிற்கட்டும். போனை நீங்களாக வைக்க வேண்டாம், அவர்களே வழி சொல்லிக் கொடுப்பார்கள்.

வண்டி வந்ததும் அந்தப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இவைதான்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன வியாதி, கடைசியாக எப்போது சாப்பிட்டார். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லாமல் முதலில் பார்த்த ஒருவர் சொல்லட்டும். வீட்டில் மாத்திரைகளின் பேரை எழுதி அடையாளக் கார்டோடு வைத்திருக்கிற தாய்மார்கள் இந்த இடத்தில் டாக்டருக்குச் சமம்.

செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம், பொதுத் தற்காப்புப் படை ஆகியவை முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் ஆட்களை அனுப்பும்படி கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். பெண்களையும் பேர் கொடுக்கச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டி ஆபீசில் பூட்டிக் கிடக்கிறதா, மண்டோரோடு காட்டுக்கு வருகிறதா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

சொக்சோ விஷயம் கடைசியில் ஒரு வார்த்தை. வேலையில் பட்ட காயத்தையும், வேலைக்குப் போய் வருகிற வழியில் நடந்த விபத்தையும் முதலாளி தமக்குத் தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டுப் போட்ட நேரம், 999-க்கு அழைத்த நேரம், பார்த்தவர்களின் பேர் இவற்றை எழுதின தாளைத் தூக்கிப் போடாமல் கிளைச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.