புல்தைலமும் சருமமும்

சென்ற கோடை விடுப்பில் பாலக்காட்டிலிருந்து குடும்பத்துடன் மறையூர் சென்றிருந்தேன். இடுக்கி மாவட்டத்தை இருப்புப்பாதை இன்னும் எட்டவில்லையாதலால், ரயில்வே குமாஸ்தாவாகிய நானும் உடுமலையிலிருந்து பேருந்தில்தான் மலையேற வேண்டியிருந்தது. அங்கே மலைவாழ் மக்கள் காய்ச்சி வடிக்கும் புல்தைலம், அதாவது எலுமிச்சம்புல் எண்ணெய், பெயர் பெற்றது. ஒரு புட்டி வாங்கி வந்தோம். என் மனைவி அதனைத் தேங்காயெண்ணெயில் கலந்து கைகளில் பூசி வந்தாள். முதல் வாரம் மணம் மட்டுமே. இரண்டாம் வாரம் முழங்கை வரை செந்தடிப்பும் அரிப்பும். “புல்லிலிருந்து வருவது என்ன செய்துவிடும்?” என்று நான் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை.

அத்தைலத்தில் நூற்றுக்கு 70, 80 பங்கு சிட்ரால் என்னும் பொருள் உள்ளது. இத்தகைய நுண்பொருள் சருமத்தினுள் புகுந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் காவற்படை அதனைப் பகையெனக் குறித்துக்கொள்ளும். முதற் பழக்கத்தில் ஓசையே இராது. பின்னர் தீண்டும்போதே தடிப்பு எழும். ஆகவே, “ஒருமுறை பூசினேன், ஒன்றுமில்லை” என்பது சான்றாகாது.

சிட்ரால் நன்கு ஆராயப்பட்டது. ஆனால் வாசனைப் பொருள்களுள் பலவற்றிற்கு நேரடிச் சோதனைகள் சொற்பம். அவற்றை எங்ஙனம் எடைபோடுகின்றனர்? முன்னரே ஆராயப்பட்ட, ஒத்த அமைப்புள்ள பொருளோடு ஒப்பிடுகின்றனர். சோதனைக்குழாயில் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று காண்கின்றனர். சருமத்தின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு படியும் என்று கணக்கிடுகின்றனர். ஒப்பனைப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதை இந்தியா 2014-இல் தடைசெய்தது. எனவே இவ்வழிகள் இன்றியமையாதவை. எனினும், முகம் ஒத்திருந்தால் குணமும் ஒத்திருக்கும் என்று சத்தியம் செய்ய இயலாதல்லவா?

ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல், ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட விதித்தது. பூசியபின் கழுவாத களிம்பில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் வரவேண்டும். 2023-இல் அப்பட்டியல் 80-க்கு மேல் விரிந்தது. எலுமிச்சம்புல் தைலமும் அதில் ஏறியது. நம் நாட்டுப் புட்டிகள் பலவற்றிலோ ‘பெர்ஃபியூம்’ என்ற ஒற்றைச் சொல்லே காணப்படுகிறது. அயல்நாட்டில் வாழும் அன்பர்கள் சீட்டைப் படிக்கலாம். ஊரிலிருந்து தருவித்த தைலத்திற்குச் சீட்டே இராது.

புதிய களிம்பை முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு, நாளொன்றுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கலக்காத தைலத்தைச் சருமத்தில் இடவே வேண்டாம். காற்றுப்பட்டுப் பழையதானால் சில வாசனைப் பொருள்கள் முன்னினும் கொடியனவாகும்.

எங்கள் புட்டி இப்போது தரை துடைக்கும் நீருக்கு உதவுகிறது. கலப்பவன் நான், கையுறை அணிந்துதான்.