விடாமுயற்சி யார் பொறுப்பு?
“இவனுக்கு முயற்சி போதாது” என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவது எளிது. முயற்சி செய்பவரை வகுப்பறை மதிக்கிறதா என்று கேட்பவர் குறைவு. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம் நடத்தப்பட்டு, 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் தொடுகிறது. அறிவுத்திறன் பிறவியிலேயே முடிவாகிவிடுவதில்லை, பயிற்சியால் வளரும் என்று விளக்கும் இணையவழிப் பாடம் ஒன்று அதில் சோதிக்கப்பட்டது. மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. படிப்பில் பின்தங்கியோரின் சராசரி மதிப்பெண், நான்கு புள்ளி அளவுகோலில், சுமார் 0.1 புள்ளி உயர்ந்தது. இந்தச் சிறு உயர்வுக்கா இத்தனை ஆரவாரம்? நியாயமான கேள்விதான். ஆனால் செலவான நேரத்தையும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், கடினமான கணக்கைத் துணிந்து எடுக்கும் பழக்கம் சக மாணவர்களிடையே ஏற்கெனவே இருந்த பள்ளிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அது இல்லாத இடங்களில் அதே பாடம் பெரிதாக எதையும் மாற்றவில்லை.