மணல்மேட்டின் மேல் ஒரு முகாம்

கனடாவின் யெல்லோநைஃப் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் பறந்தால் லாக் டி கிரா ஏரி வரும். மரம் வளரும் எல்லையைத் தாண்டிய நாடு அது. பாறை, பாசி, புதர், எண்ணி மாளாத ஏரிகள். 1980-களில் சக் ஃபிப்கே, ஸ்டூவர்ட் பிளூசன் என்ற இரு புவியியலாளர்கள் வைரத்தின் தடம் பிடித்து இங்கே வந்து சேர்ந்தார்கள். 1991-இல் பாயின்ட் லேக் என்ற சிறு ஏரிக்கு அடியில் துளையிட்டு எடுத்த பாறையில் வைரம் இருந்தது. 1998-இல் கனடாவின் முதல் வைரச் சுரங்கமான எகாட்டி அந்தப் பகுதியில்தான் திறந்தது.

இத்தகைய இடத்தில் இறங்கும் ஆய்வுக் குழுவுக்கு முதல் வேலை, தங்க இடம் பார்ப்பது. அதற்கே நிலத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கோடையில் மேல்மண் மட்டும்தான் இளகும். அதன் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம் தண்ணீரை உறிஞ்சாது. தாழ்வான இடமெல்லாம் சேறாகிவிடும். அங்கே கூடாரம் அடித்து அடுப்பை மூட்டினால், அந்தச் சூட்டில் அடிநிலத்துப் பனி உருகித் தரை ஒரு பக்கமாக இறங்கும். போதாக்குறைக்குக் கொசு மேகமாக மொய்க்கும்.

ஆகவே அனுபவசாலிகளின் கண் எஸ்கர் என்ற மணல்மேட்டைத் தேடும். பனியுகத்தில் இந்த நாட்டை மூடியிருந்த பனிப்பாளத்துக்கு அடியில், சுரங்கம் போன்ற வழிகளில் உருகுநீர் ஆறுகள் ஓடின. அவை கொண்டுவந்த மணலும் சரளையும் அந்த வழிகளிலேயே படிந்தன. பனி உருகி மறைந்த பிறகு, ஆற்றின் தடம் மட்டும் மேடாக நின்றுவிட்டது. நம் கண்மாய்க் கரையைப் போலத்தான் தெரியும்; ஆனால் பல கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும். மழை பெய்தாலும் நீர் வடிந்துவிடும். உயரத்தில் காற்று வீசுவதால் கொசுத் தொல்லை குறைவு. மேலே சமமாக இருக்கும் இடத்தில் சக்கரம் வைத்த சிறு விமானமே இறங்கலாம். இது சாதாரண வசதியல்ல. கோடையில் மிதவை விமானம் ஏரியில் இறங்கும், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டை பூட்டிய விமானம் இறங்கும். ஏரி உருகும் வாரங்களிலும் உறையும் வாரங்களிலும் இரண்டுமே முடியாது. அப்போது கைகொடுப்பது இந்த மணல்மேடுதான்.

இந்த நாட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. வைரத்தைக் காட்டிக்கொடுத்ததும் இதே மணல்தான். வைரத்தைத் தாங்கிய கிம்பர்லைட் பாறை சுற்றியுள்ள பாறையைவிட மென்மையானது. பனிப்பாளம் அதைச் சுரண்டி மேற்கே இழுத்துச் சென்றது. கூடவே கிம்பர்லைட்டின் துணைக் கனிமங்களும் போயின: கருஞ்சிவப்புக் கார்னெட், பச்சை நிற டையாப்சைட், கரிய இல்மனைட். பனிக்கடியில் ஓடிய ஆறுகள் அவற்றை மணலோடு சேர்த்துப் படியவைத்தன. ஃபிப்கே மணலைச் சலித்து மூட்டை கட்டித் தன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், இந்தச் சிறு மணிகளைப் பிரித்து எண்ணினார். பனி நகர்ந்த திசைக்கு எதிராக, ஆண்டுக்கணக்கில் கிழக்கே நகர்ந்து வந்ததன் முடிவுதான் லாக் டி கிரா. அந்தப் பொறுமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இடம் முடிவானதும் கணக்கெல்லாம் விமான நடையில்தான். இந்தப் பகுதிக்குப் பழக்கமான ட்வின் ஆட்டர் ஒரு நடைக்கு ஏறத்தாழ ஒரு டன்தான் சுமக்கும். முதல் நடையில் ரேடியோ அல்லது செயற்கைக்கோள் தொலைபேசி, ஒரு கூடாரம், அடுப்பு, சில நாள் உணவு போக வேண்டும். வானிலை கெட்டு அடுத்த விமானம் வராமல் போனாலும் இறங்கியவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா? பிறகுதான் மரச்சட்டம், பிளைவுட் பலகை, துளையிடும் கருவி. எடையில் பெரும்பங்கு எரிபொருளுக்கே போய்விடும்: 205 லிட்டர் பேரல்கள், வரிசை வரிசையாக. விறகே கிடைக்காத ஊரில் அடுப்பும் டீசலில்தான் எரியும்.

கூடாரத்தைத் தரையில் விரிப்பதில்லை. சட்டத்தின் மேல் பலகை அடித்து, தடித்த கித்தான் துணியை இழுத்துக் கட்டுவார்கள். ஒன்று தீப்பிடித்தால் அடுத்தது தப்பும்படி இடைவெளி விடுவார்கள். அடைத்த கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும் என்பதால் காற்றுவழி கட்டாயம். பேரல்கள் ஏரிக்கரையை விட்டுத் தள்ளி, கசிவைத் தாங்கும் விரிப்பின் மேல் நிற்கும்.

மனிதனுக்குப் பிடித்த மேடு மற்றவற்றுக்கும் பிடிக்கும். கிரிஸ்லி கரடியும் ஓநாயும் இந்த இளமணலில்தான் குழி தோண்டிக் குட்டி போடுகின்றன. கரிபூ மான்கூட்டங்கள் இதன் மேல் நடந்து போகின்றன. டெனே பழங்குடி மக்களின் முன்னோரும் தலைமுறை தலைமுறையாக இங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்கள் செதுக்கிய கல்கருவிகள் மணலில் கிடக்கின்றன. ஆகவே முளை அடிப்பதற்கு முன் விலங்குகளின் குழிகளையும் தொல்லியல் தடயங்களையும் பார்த்தாக வேண்டும். ஏதாவது தென்பட்டால் இடத்தை மாற்றுவதே முறை. சமையல் கழிவை அன்றன்றே எரித்துவிட வேண்டும். மீந்த எச்சிலின் வாடைக்குக் கரடி வெகுதூரத்திலிருந்து வரும். பல முகாம்களைச் சுற்றி மின்வேலியும் உண்டு.

திரும்பும் விமானம் பாறை மாதிரிகளோடு காலிப் பேரல்களையும் ஏற்றிச் செல்கிறது. முற்காலத்து முகாம்கள் பேரல்களை அப்படியே போட்டுவிட்டுப் போயின. வடதுருவ நாடுகளில் அவை இன்னும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இப்போது உரிமம் வாங்கும்போதே, கொண்டுவந்ததையெல்லாம் எப்படித் திருப்பி எடுத்துப் போவோம் என்றும் குழு சொல்லியாக வேண்டும்.