சந்தை ஆய்வுத் தொழிலுக்கு மாத்தளையிலிருந்து ஒரு வழி

ஒரு பொருளை யார், என்ன விலைக்கு, எக்காரணத்தால் வாங்குகின்றனர் அல்லது வாங்காது விடுகின்றனர் என்பதை முறையான வினாக்களாலும் கணக்குகளாலும் அறிவதே சந்தை ஆய்வு எனப்படுகிறது. மாத்தளை மாவட்டத்துக்கு இது அந்நியமான தொழிலன்று. 1999இல் இம்மாவட்டத்தின் தம்புள்ளையில் திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலைகளை, 1972இல் நிறுவப்பட்டு இன்று ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயரைத் தாங்கி நிற்கும் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் நெடுங்காலமாகத் திரட்டி வெளியிட்டு வருகிறது.

மிளகின் ஈரப்பதனையும் லீற்றருக்கான நிறையையும் பார்த்து விலை பேசிப் பழகிய வியாபாரியோ, தோட்டப் பாடசாலையில் கற்பித்த ஆசிரியரோ இத்துறைக்கு மாற விரும்பினால், அவர் முதலில் கற்க வேண்டியவை மாதிரியெடுப்பும் வினவும் முறையுமாகும். மாதிரியெடுப்பு என்பது, எல்லோரையும் கேட்க இயலாத நிலையில், முழுமையைப் பிரதிபலிக்கும் சிலரை விதிப்படி தெரிவு செய்வதாகும். மாத்தளை நகரக் கடைத்தெருவில் மட்டும் கேட்டுவிட்டு, ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்ட லயங்களை விட்டுவிடும் ஆய்வு, எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டாலும் பிழையாகவே முடியும். வினவும் முறையோ இன்னும் நுட்பமானது. தோட்டத் தொழிலாளரிடம் மாதச் சம்பளம் எவ்வளவு எனக் கேட்டால், சேமலாப நிதியும் முற்பணமும் தொழிற்சங்கச் சந்தாவும் கழிந்து கைக்கு வரும் தொகையை ஒருவரும், கழிவுக்கு முந்திய தொகையை மற்றொருவரும் கூறக்கூடுமாதலால், இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவரே நம்பத்தக்க தரவைக் கொண்டுவருவார். தோட்ட வாழ்வை உள்ளிருந்து அறிந்த தமிழ் பேசும் கள ஆய்வாளரின் பெறுமதி இங்கேதான் உள்ளது.

ஆகவே, ஆய்வு நிறுவனங்கள் களப்பணிக்கு முன்னர் அளிக்கும் குறுகிய பயிற்சியுடன் ஓர் ஆய்விலேனும் பணியாற்றிய பின்னர் பாடநெறியை நாடுவதே தக்கது. இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் சந்தைப்படுத்தலிலும், பிரயோகப் புள்ளிவிபரவியல் நிறுவகம் தரவுப் பகுப்பாய்விலும் கற்கைகளை நடத்துகின்றன; பட்டதாரிகளுக்குப் பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகத்தின் பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணி அருகிலேயே உள்ளது. ஆனால் இத்தகைய உயர்கற்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தையே ஊடகமாகக் கொண்டிருப்பதால், களத்துக்கு மிகப் பொருத்தமானவர்களே வகுப்பறைக்கு வெளியே நிற்க நேர்கிறது. மாதிரியெடுப்பையும் வினாக்கொத்துத் தயாரிப்பையும் தமிழில் கற்பிக்கும் சான்றிதழ்க் கற்கையொன்றை மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஏற்படுத்துவது அவசரத் தேவையாகும்.