மருமகள் கேட்கும் கரும்பச்சைச் சுவர்



"ஹால் முழுக்கக் கரும்பச்சை பெயிண்ட் அடிக்கணும்னு மருமகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீடே இருட்டடித்துப் போகாதா?" என்று இரண்டு வாரம் முன்பு ஒரு சகோதரி இதே பகுதியில் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களில் பாதிப் பேர் மருமகளைத் திட்டியிருந்தார்கள், மீதிப் பேர் மாமியாரை. பெயிண்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை! எங்கள் வீட்டு ஹாலில் ஆறு வருஷமாக ஒரு கரும்பச்சைச் சுவர் இருக்கிறது. அதனால் நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மாமியார் கட்சி. அவர் பயம் நியாயமானதுதான். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நமக்கே திருப்பித் தந்துவிடும். கரும்பச்சை 10 சதவீதம் தந்தாலே பெரிசு, மிச்சத்தை அது விழுங்கிவிடும். நாலு சுவரும் பச்சை என்றால் பகலிலேயே லைட் போட வேண்டும். கரண்ட் பில் ஒரு பக்கம் இருக்கட்டும், நாள் முழுக்க அந்த ஹாலில் உட்கார்ந்து காய் நறுக்குவதும் பேரனுக்குச் சோறு ஊட்டுவதும் யார்? நாம்தானே!

இப்போது மருமகள் கட்சி. ஒரே ஒரு சுவருக்கு என்றால் கரும்பச்சையைப் போல நம் வீட்டுக்குப் பொருந்துகிற நிறம் வேறில்லை. தேக்கு மரச் சாமான், பித்தளை விளக்கு, சிவப்புக் காவித் தரை, ஆத்தங்குடி கல் எது இருந்தாலும் அதன் பக்கத்தில் எடுப்பாக நிற்கும். அரக்குப் புடவைக்கு ராமர் பச்சை பார்டர் வைத்து நெய்பவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம்தான் இது. பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்.

எந்தச் சுவர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுத்தான் வீட்டுக்குள் பரவுகிறது, அதை வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ விட்டுவிடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரும் வேண்டாம். சுவர் கருப்பாகத் தெரியும், நடுவில் ஜன்னல் கண்ணைக் கூசும். பக்கவாட்டுச் சுவர்தான் சரி. வெளிச்சம் சாய்ந்து விழும்போது காலையில் ஒரு பச்சை, மாலையில் ஒரு பச்சை என்று பார்க்கவே அழகாக இருக்கும். மேல்கூரை வெள்ளையாகவே இருக்கட்டும். சமையலறைக்குக் கரும்பச்சை வேண்டவே வேண்டாம். வெளிச்சுவரில் அதுவும் மேற்குப் பார்த்த சுவரில் அடித்தால் வெயிலை உறிஞ்சி ராத்திரி முழுக்க அனலாகக் கக்கும்.

கடையில் கொடுக்கும் ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவு சதுரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்து, அந்தச் சுவரில் சாய்த்து வைத்து இரண்டு நாள் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் லேசாக நீலம் தட்டும். மஞ்சள் பல்பில் பாசி நிறமாக, இதமாகத் தெரியும். என் வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன, பள்ளிக்கூட போர்டா? பாடம் எடுக்கப் போறியா?" என்றார். சாக்பீஸ் வைத்துக்கொள்ளாத வரையில் கவலையில்லை என்றேன். உண்மையிலேயே சாக்பீஸ், கோலமாவுக் கை, விபூதிக் கை எல்லாம் இந்தச் சுவரில் பளிச்சென்று தெரியும்!

அதைவிட முக்கியம் ஓதம். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கரும்பச்சையில் தேமல் மாதிரி ஊருக்கே தெரியும். பாத்ரூமை ஒட்டிய சுவர், மழைத்தண்ணீர் இறங்கும் சுவர் என்றால் கசிவைச் சரி செய்யாமல் அடித்தால் பணம் தண்டம். புதுப் பூச்சு என்றால் குறைந்தது நாலு வாரம் காய வேண்டும்.

இன்னொன்று, தாத்தா பாட்டி சாய்ந்து உட்காரும் சுவரில் பளபளப்பே இல்லாத பெயிண்ட் அடித்தால் தலை எண்ணெய் பட்ட இடம், முதுகு உரசிய இடம் மட்டும் மினுமினுக்கும். லேசான மினுப்பு உள்ள எமல்ஷன் நல்லது, ஈரத்துணியால் துடைக்கலாம். ரொம்பப் பளபளப்பு வேண்டாம், பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். அடர் நிறத்துக்கு இரண்டு கை போதாது, பெரும்பாலும் மூன்றாவது கை தேவைப்படும். பிரைமரிலேயே கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்கச் சொன்னால் பச்சை சீக்கிரம் மூடும். மொத்தப் பெயிண்டையும் ஒரே தடவையாக வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். மிச்சம் கொஞ்சம் பாட்டிலில் இருந்தால் பின்னாடி ஆணி பிடுங்கிய இடத்துக்கு ஆகும்.

இவ்வளவும் அலங்காரச் சமாசாரம். நான் பேனாவை எடுத்ததற்குக் காரணம் அந்தச் சகோதரியின் கடைசி வரி. "வாசல் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் மாமனார் காலத்துப் பச்சை உரிந்து கிடக்கிறது, அதையும் சுரண்டிவிட்டு அடிக்கப் போகிறோம், பேரனுக்கு எட்டு மாசம், தவழ்கிறான்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். எனக்குப் பகீரென்றது.

பச்சைக்குப் பூர்வீகமே கொஞ்சம் பொல்லாதது. 1775-ல் சுவீடனில் ஷீலே என்ற விஞ்ஞானி செம்பையும் ஆர்சனிக் என்னும் பாஷாணத்தையும் சேர்த்து ஒரு பச்சை கண்டுபிடித்தார். பிறகு 1814-ல் அதே வகையில் இன்னும் பளிச்சென்று இன்னொன்று வந்தது. ஐரோப்பாவில் சுவர்க் காகிதம், கவுன், செயற்கைப் பூ எல்லாவற்றிலும் அதைப் பூசினார்கள். அந்த இரண்டாவது பச்சையைத்தான் பின்னாளில் பூச்சி மருந்தாகத் தெளித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நம் வீட்டுப் பழைய எனாமல் பச்சையின் கதை வேறு. பிரஷ்யன் நீலத்தோடு ஈயம் கலந்த குரோம் மஞ்சளைச் சேர்த்துச் செய்த பச்சை நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. அந்த நீலத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது, பட்டால் நிறம் கெட்டுப் பழுப்படித்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு அது லாயக்கில்லை, மரத்திலும் இரும்பிலும்தான் நிற்கும். பழைய வீடுகளில் சுவர் வெள்ளையாகவும் கதவும் கம்பியும் பச்சையாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1930-களில் வந்த புது வகைப் பச்சையில் ஈயமும் கிடையாது, சுண்ணாம்புக்கும் அது அசையாது. மருமகள் கேட்கும் பச்சையைப் பற்றி அதனால் எனக்குப் பயமில்லை, மாமனார் அடித்த பச்சையைப் பற்றித்தான் பயம்.

வீட்டுப் பெயிண்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு அமலாக்கியது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்வது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது மாவாகப் பறந்து தரையில் படியும். தவழும் பிள்ளை அதில் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மாசமாக இருப்பவர்களுக்கும் ஆகாது.

என்ன செய்யலாம்? உரியாமல் கெட்டியாக இருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அதன் மேலேயே அடிக்கச் சொல்லுங்கள். உரிந்த இடத்தைத் தண்ணீர் நனைத்து, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளால் மட்டும் தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டிப் பழைய பெயிண்டை எரித்து எடுக்கிறேன் என்று பெயிண்டர் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள், புகையிலும் ஈயம் வரும். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுவதை அப்படியே சுருட்டிக் கட்டிவிடுங்கள். துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் இரண்டு மூன்று தரம் துடையுங்கள். வேலை செய்தவர் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பெயிண்டர் தம்பிக்கும் முகத்துக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், அவர் வீட்டிலும் குழந்தை இருக்கும். சுரண்டிய செதிலையோ பழைய கதவுப் பலகையையோ போகிக்கு எரிப்பது, வெந்நீர் அடுப்பில் வைப்பது கூடவே கூடாது.

புது டப்பாவில் ஈய அளவு போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். குழந்தை ஏற்கெனவே உரிந்த பெயிண்டை வாயில் போட்டிருந்தால் குழந்தை டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை உண்டு.

கதவு வேலை ஆரம்பிக்கும் முன்பே மருமகளையும் பேரனையும் ஒரு வாரம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், சகோதரி. வீட்டைத் துடைத்து முடித்த பிறகு திரும்பி வரட்டும். அதற்குள் பச்சைச் சுவரும் காய்ந்திருக்கும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்