பிக்-அப்பில் டி.பி.எஃப் விளக்கு எரிகிறதா? வடிகட்டியை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

விடியற்காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறீர்கள். பாதி வழியில் மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மறுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ‘டி.பி.எஃப் போயிடுச்சு, புதுசுதான் போடணும்’ என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டால், ஒரு போகத்தில் கையில் நின்ற காசு மொத்தமும் போய்விடும் போலிருக்கிறது.

விளக்கு எரிந்தாலே வடிகட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு ரப்பர் குழாயை எலி கடித்திருந்தாலும் இதே விளக்குதான் எரியும். எனவே, பழுது எங்கே இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

டி.பி.எஃப் என்ன செய்கிறது?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த டீசல் பிக்-அப்களின் சைலன்சர் குழாயில், இன்ஜினுக்குப் பக்கத்தில், டி.பி.எஃப் என்ற புகை வடிகட்டி இருக்கும். தேனடை போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. புகையில் வரும் கரித்துகளைத் தன் சுவர்களில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். வண்டி நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடினால், புகையின் சூட்டிலேயே ஓரளவு எரிந்துவிடும். மீதியை எரிக்க, இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றும். இதை ‘ரீஜெனரேஷன்’ என்கிறார்கள். அப்போது ஐடிலிங் சற்றுக் கூடும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும், எரிந்த வாடை வரும். இது பழுது அல்ல. அந்த நேரத்தில் இன்ஜினை அணைத்தால், வேலை பாதியில் நின்றுவிடும்.

நம் வண்டிகளுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். தோட்டத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து பால் சொசைட்டி, அங்கிருந்து உரக்கடை என்று தினமும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் புகைக்குப் போதிய சூடு ஏறுவதே இல்லை. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

1. எந்த விளக்கு எரிகிறது?

டி.பி.எஃப் விளக்கு மட்டும் எரிந்து, இழுவை குறையாமல் இருந்தால், பெரும்பாலும் கரி சேர்ந்திருக்கிறது என்ற எச்சரிக்கைதான். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடானதும், நெரிசல் இல்லாத சாலையில் ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்.பி.எம்-முக்கு மேல் வைத்து, 20 முதல் 30 நிமிடங்கள் நிற்காமல் ஓட்டுங்கள். வண்டியின் கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால், அதன்படி செய்யுங்கள். விளக்கு அணைந்தால் செலவே இல்லை.

அதோடு இன்ஜின் விளக்கும் எரிந்து, இழுவையும் போய்விட்டால், இப்படி விரட்டக் கூடாது. அடுத்த சோதனைகளுக்குப் போங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்த வேண்டும்.

2. புகைக்குழாயைத் துடைத்துப் பாருங்கள்

வண்டி நன்றாக ஆறிய பிறகு, புகைக்குழாயின் உள்விளிம்பை வெள்ளைத் துணியால் துடையுங்கள். நல்ல வடிகட்டி உள்ள வண்டியில் கரி ஒட்டாது. ஒட்டினாலும் மிகக் குறைவாகவே இருக்கும். துணி அட்டைக்கரியாகிவிட்டால், அல்லது மேடு ஏறும்போது கறும்புகை தள்ளினால், பீங்கான் கட்டி விரிசல் விட்டிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், முன்பு வைத்திருந்தவர் உள்ளே இருந்ததை உடைத்து எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

3. ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், ரீஜெனரேஷன் பலமுறை பாதியில் நின்றிருக்கிறது. தெளித்த டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது என்று பொருள். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இப்படி ஆகும். நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் பேரிங், டர்போ எல்லாம் தேயும். ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

4. பிரஷர் சென்சார் குழாய்கள்

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருந்து இரண்டு சிறிய குழாய்கள் ஒரு சென்சாருக்குப் போகும். இரண்டு பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான், வடிகட்டி எவ்வளவு அடைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணிக்கிறது. மாட்டுக் கொட்டகையிலும் தீவன அறைக்குப் பக்கத்திலும் நிற்கும் வண்டிகளில், இந்தக் குழாய்களையும் ஒயர்களையும் எலி கடிப்பது சாதாரணம். வெடிப்பு, கழன்ற கிளிப், சூட்டில் உருகிய இடம், உள்ளே கரி அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். குழாய் ஓட்டையாக இருந்தால் புது வடிகட்டி போட்டாலும் விளக்கு மறுபடி எரியும்.

5. ஸ்கேனர் சொல்வது என்ன?

பழுது எண்ணை மட்டும் படித்துவிட்டு முடிவு சொல்ல விடாதீர்கள். பி-2463 என்றால் கரி அதிகம் சேர்ந்திருக்கிறது. பி-2002 என்றால் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது. பி-2452 முதல் பி-2455 வரை வந்தால் பிரஷர் சென்சார் அல்லது அதன் ஒயரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எண்ணோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள்:

* சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: அழுத்த வித்தியாசம் பூஜ்யம் அல்லது அதையொட்டிக் காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் சென்சாரில் கோளாறு.
* இன்ஜின் ஓடும்போது: ஆக்சிலேட்டர் கொடுத்தால் அளவு ஏறி, விட்டால் இறங்க வேண்டும். ஏறாமல் பூஜ்யத்திலேயே நின்றால் குழாய் கழன்றிருக்கலாம், அல்லது வடிகட்டி உடைந்திருக்கலாம். ஐடிலிங்கிலேயே மிக அதிகமாக இருந்தால் அடைப்பு.
* ரீஜெனரேஷன் முழுமையாக முடிந்த பிறகு: கரி அளவு இறங்கியும் அழுத்தம் இறங்காவிட்டால், உள்ளே சாம்பல் நிறைந்திருக்கலாம்.

அடுப்பில் கரி எரிந்தாலும் சாம்பல் மிஞ்சுமல்லவா? அதுபோல, இன்ஜின் ஆயிலில் உள்ள சேர்மானங்கள் எரிந்து வரும் சாம்பல் வடிகட்டியில் தங்கும். அதை எவ்வளவு சூடேற்றினாலும் எரிக்க முடியாது. வடிகட்டியைக் கழற்றி, அதற்கான இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால், அல்லது கட்டி உடைந்திருந்தால்தான் புதியது தேவை.

6. கரி ஏன் சேர்ந்தது?

அடைப்பை நீக்கிவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால், சில வாரங்களிலேயே பழைய கதைதான். இ.ஜி.ஆர் வால்வு ஒட்டிக்கொள்வது, டர்போ ஹோஸில் காற்றுக் கசிவு, இன்ஜெக்டர் ஒழுகல், அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவை கரியைக் கூட்டும். அறுவடை நேரத்துத் தூசியில் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டையும் மறக்காதீர்கள். ‘வண்டி ஹீட் ஆகாம இருக்கும்’ என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. சூடு வராவிட்டால் கம்ப்யூட்டர் ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது.

வைக்கோல் பக்கம் நிறுத்தாதீர்கள்!

ரீஜெனரேஷன் நடக்கும்போதும், முடிந்த சிறிது நேரத்துக்கும் சைலன்சர் கொதிநிலையில் இருக்கும். அப்போது வைக்கோல், சோளத்தட்டை, காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். சாலையில் போட்டிருக்கும் கதிர்கள் மேல் ஓட்டினாலும் தாள் அடியில் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது குனிந்து பார்த்து எடுத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மூலம் ரீஜெனரேஷன் செய்வதாக இருந்தாலும் திறந்தவெளியில் செய்யச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

வடிகட்டியை ஆசிட் ஊற்றியோ, வாட்டர் சர்வீஸ் பம்பால் அடித்தோ கழுவக் கூடாது. உள்ளே உள்ள பூச்சும் பீங்கானும் பாழாகும். ‘கட் பண்ணி எடுத்துடலாம், தொல்லை விட்டது’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். மாசு விதியை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாரன்டியும் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் வேண்டாம். ஆயில் மாற்றும்போது, டி.பி.எஃப் வண்டிக்கென்று கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்றுங்கள். வண்டி குறுகிய தூரம் மட்டுமே ஓடுவதாக இருந்தால், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள்

‘வடிகட்டியை மாத்தணும்’ என்று சொன்னால், சம்மதிக்கும் முன் கேளுங்கள்: இன்ஜின் ஆஃபில் சென்சார் பூஜ்யம் காட்டியதா? ரீஜெனரேஷனுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு? கரி சேர்ந்ததற்குக் காரணம் என்ன? மூன்றுக்கும் அளவோடு பதில் வந்தால், மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மாற்றிய பிறகு, புது வடிகட்டி போட்ட விவரத்தை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டரில் பதியச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், பணம் கட்டாமல் வேறு இடத்தில் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பதே நல்லது.